குளிருக்குப் போர்த்திய துணி

சிப்பேகோவுக்கு இரண்டாம் மாதத்திலேயே கரு கலைந்துவிட்டது. சோமா ஊரில் இப்படிக் கலைந்த கருவுக்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனார் லுயாண்டோ மட்டும் கூடவே இருந்து, நிலக்கடலை அரைத்துவிட்ட கஞ்சி கொடுத்தாள், அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் வைத்தாள்.

"படுத்தே கிடந்தா உடம்பு தேறாது அண்ணி. கொஞ்சம் நடங்க. தலை சுத்துனா எங்கயாவது உக்காந்துடுங்க."

உதிரப்போக்கு ஓய்ந்ததும் சிப்பேகோ இரும்புச்சத்து மாத்திரை வாங்கக் கிளம்பினாள். அந்த ஊர்ப் பெண்கள் பிள்ளையை முதுகில் கட்டிச் சுமக்கும் பூத்துணி ஒன்றைக் குளிருக்குத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

சந்தையில் தக்காளிக்காரி அவளைக் கூப்பிட்டாள். "அக்கா, துணியை இறுக்கிக் கட்டு. பிள்ளையோட கால் வெளிய தொங்குது."

சிப்பேகோ திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. முதுகில் கைவைத்துத் தடவினாள். துணிதான் இருந்தது.

மருந்துக்கடை வரிசையில் ஒரு மனிதர் ஒதுங்கி வழிவிட்டார். "பச்சைப்பிள்ளையோட எதுக்கு நிக்கிற? முன்னால போம்மா."

"என்கிட்ட பிள்ளை எதுவும்..." என்று அவள் சற்று உரக்கவே தொடங்கினாள்.

"மெதுவாப் பேசு," என்றாள் பின்னால் நின்ற பெண், முகம் கனிந்து. "இப்பத்தான் கண்ணசந்திருக்கான்."

சிப்பேகோ தாழ்ந்த குரலில் மாத்திரை கேட்டாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் தலை சுற்றியது. பேருந்து நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள். பின்னால் சுவர் இருந்தது. இடுப்பு விண்ணென்று வலித்தது. ஆனாலும் அவள் முதுகைச் சுவரில் சாய்க்கவில்லை.