தொண்ணூற்று இரண்டு சதவீதம்

"தொண்ணூத்திரெண்டு சதவீதம் காப்பி!"

தலைமையாசிரியை கம்ப்யூட்டர் திரையை அம்மாவின் பக்கம் திருப்பினார். "குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்கிற கருவின்னு உங்க பொண்ணு எழுதிக் குடுத்த ப்ராஜெக்ட், எங்க அறிவியல் சாரோட ஆராய்ச்சிக் கட்டுரை மாதிரியே இருக்கு. சாரோடது ஜூன்லயே பத்திரிகைல வந்தாச்சு. இவ குடுத்தது ஆகஸ்ட்ல. சாஃப்ட்வேர் பொய் சொல்லுமா?"

"நானேதான் எழுதினேன் மேடம்..." என்றாள் பத்தாம் வகுப்பு மகள்.

அம்மா பளாரென்று அறைந்தாள். "பாடம் சொல்லிக் குடுக்கறவர்கிட்டயே திருடுவியாடி? மானத்தை வாங்கிட்டியே!"

அறிவியல் சார் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். "அடிக்காதீங்கம்மா. சின்னப் பொண்ணு, ஏதோ ஆசையில செஞ்சிட்டா. ப்ராஜெக்ட்டுக்கு சைபர் மார்க், ஒரு மன்னிப்புக் கடிதம். அதோட விட்ருவோம்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "இந்த மனசு யாருக்கு சார் வரும்?"

மகள் அழுதுகொண்டே கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அம்மா தலைமையாசிரியையிடம் இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்க, சார் மகளை வராந்தாவுக்கு அழைத்து வந்தார்.

"திருத்தித் தாங்கன்னுதானே சார் மே லீவுல உங்ககிட்ட குடுத்தேன்?" என்று கேட்டாள் அவள்.

"முடிஞ்சதை விடு. என் கட்டுரைக்கு விருது குடுக்கற கமிட்டி அந்தக் கருவியை நேர்ல பாக்கணுமாம். நாளைக்கு வீட்லேர்ந்து எடுத்துட்டு வா."

இரண்டடி நடந்தவர் திரும்பினார்.

"அப்படியே, அது எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கு ஒரு தடவை சொல்லிக் குடுத்துடு. கேள்வி கேப்பாங்க."