காணாமல் போன குச்சிகள்

“ரெண்டு கட்டு, இருபது குச்சி வச்சிருந்தேன். இப்ப மூணுதான் கெடக்கு. மிச்சம் எங்கடி?”

ஒன்றாம் வகுப்பு மகள் சுஹைனாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க, காரைக்கால் கடைத்தெருவில் ஐஸ் குச்சி வாங்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தாள் நபீசா.

“நாளைக்கு டீச்சர் கட்டோட வரச் சொல்லியிருக்காங்க. வாயைத் திறக்கிறியா, முதுகுல ரெண்டு வைக்கவா?”

“தினம் ஒண்ணு தூக்கிப் போட்டுட்டேம்மா. வாப்பா வர இருபது நாள்னு நீங்கதானே சொன்னீங்க? கட்டைப் பிரிச்சு எடுத்தேன். இன்னும் மூணே நாள்!”

ஓங்கிய கை அப்படியே நின்றது. துபாயிலிருந்து காலையில் வந்த செய்தியை நபீசா இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. லீவு ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தது.

“வாப்பா வர இன்னும் மூணு கட்டு வேணும்டி.”

சுஹைனாவின் உதடு பிதுங்கியது.

“மூணு கட்டுன்னா முப்பதும்மா!”