நிரப்பாத கட்டம்

"1.12 கதவு மூடுது. 1.40 போடணும். 1.52 ரெடி."

பழைய டைரியின் அந்தப் பக்கத்தைத் தம்பி விரலால் சுட்டிக்காட்டினான். அக்காவுக்குப் பகீரென்றது.

"எதிர்ல உக்காந்திருக்காரே, அவர் பையிலேர்ந்து விழுந்துச்சு. எல்லாம் 'கருங்கல் மகுடம்' படம், ரெண்டாம் பாகத்தோட நிமிஷக் கணக்கு," என்று அவள் காதோரம் கிசுகிசுத்தான். "ஒண்ணு நாப்பதுக்கு எதைப் போடுவாங்க? கேமராவைத்தான்."

அக்காவின் மருந்துக்கடைப் பின்னறை அது. 'மகுடம்' ரசிகர் மன்றத்துக்கும் அவள்தான் தலைவி. இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, எதிர் ஸ்டூலில் டைரிக்காரர் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். புழுங்கித் தள்ளுகிற மத்தியானத்தில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். அதுவே அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு படங்களையும் பெரிய திரையில் ஒரே நாளில் ஓட்டுகிறார்கள். முதலில் வந்த மூன்று. பிறகு அதற்கு முந்தைய தலைமுறைக் கதையென்று எடுத்த மூன்று. மன்றத்துக்கு மட்டுமான காட்சி. மிச்சம் இருப்பது ஒரே ஒரு சீட்.

போன வருடம் இப்படித்தான் ஒரு 'தீவிர ரசிகர்' உள்ளே வந்து, படத்தை போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். தியேட்டர்காரர்கள் மன்றத்தையே வாசலோடு நிறுத்தினார்கள். காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கிய அனுமதி இது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் மன்றத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

அக்கா விண்ணப்பத்தைப் புரட்டினாள். 'எத்தனை முறை பார்த்தீர்கள்?' என்ற கட்டம் காலியாக இருந்தது. மற்றவர்களெல்லாம் நாற்பது, அறுபது என்று பீற்றிக்கொண்ட இடம் அது.

"இதை ஏன் நிரப்பல?"

"கடைசியில எழுதிக்கலாம்னு விட்டுட்டேம்மா."

"டிவியில அடிக்கடி போடுறாங்களே. இந்த ஷோதான் வேணும்னு ஏன் நிக்கறீங்க?"

"டிவியில வந்தா எழுந்து போயிடுவேம்மா. இதைப் பெரிய திரையிலதான் பாக்கணும்னு வச்சிருக்கேன்."

பதில் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததே உறுத்தியது.

"சரி. முதல் மூணா, பின்னாடி வந்த மூணா?"

மனிதரின் முகம் மலர்ந்தது. "முதல் மூணுதான். அதுலயும் ரெண்டாம் பாகம். கோட்டைக் கதவு மூடினதுலேர்ந்து இடைவேளை வரைக்கும் ஒருத்தரும் எழுந்து வர மாட்டாங்க. சின்னப் புள்ளைங்ககூட ஒண்ணுக்குன்னு கேக்காது."

தம்பிக்குச் சுருக்கென்றது. அவன் பின் மூன்றின் கட்சி. இதற்காகவே அக்காவோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவன்.

"பின்னாடி வந்ததுக்கு என்ன குறைச்சல்? சண்டையே அரை மணி நேரம் வருது."

"அதாம்ப்பா குறை. சண்டை ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷம் பாதிப் பேரு வெளிய வந்து போன் பேசிக்கிட்டு நிப்பாங்க. ஆனா அந்த மூணுல முதல் படத்துல ஒரு தாலாட்டு இருக்கே, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அது வர்றப்ப மட்டும் கையில இருக்கிற வேலைய நிறுத்திடுவேன்."

அக்கா அசந்துதான் போனாள். இத்தனை வருடம் தம்பியோடு மல்லுக்கட்டி அவளால் சொல்ல முடியாததை, இவர் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆனால் டைரி கண்ணெதிரே இருந்தது. ஒரு கேள்வி போட்டுப் பார்க்கலாமென்று தோன்றியது.

"அந்தக் கோட்டைக் கதவு என்ன நிறம்?"

மன்றத்துச் சட்டையின் நீலமே அந்தக் கதவின் நீலம்தான். அதைப் போட்டுக்கொண்டு தம்பி எதிரிலேயே நின்றான். மனிதரோ திருதிருவென்று விழித்தார்.

"கறுப்பு... இல்லையாம்மா? சத்தத்துக்குக் கறுப்பாத்தான் இருக்கணும்."

"போச்சு," என்றான் தம்பி. "நிமிஷம் தெரியுது, நிறம் தெரியல. யாரோ எழுதிக் குடுத்து அனுப்பின ஆளுதான் அக்கா இவரு."

அக்கா பேனாவைத் திறந்து, அவர் பெயரின் மேல் வைத்தாள். "டைரியைப் பாத்தாச்சு. யாரு உங்களை அனுப்பினது? அதைச் சொல்லிட்டுக் கிளம்புங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையை மேலே ஏற்றினார். முழங்கை வரை பொட்டுப் பொட்டாகச் சூட்டுத் தழும்புகள்.

"யாரும் அனுப்பலம்மா. அதே தியேட்டர்ல பதினாறு வருஷம் பாப்கார்ன் பொரிச்சேன். ஒண்ணு நாப்பதுக்குச் சோளத்தைப் போட்டாத்தான் இடைவேளைக்குச் சூடா இருக்கும். சுவத்துல காதை வச்சுக் கேட்டுக் கேட்டு எழுதினது அது."

தம்பி டைரியை மூடி, அவர் பக்கமாக மெல்லத் தள்ளி வைத்தான். அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெயரின் மேலிருந்த பேனாவை எடுத்து, காலியாக இருந்த கட்டத்துக்குக் கொண்டுபோனாள்.

"சீட் உங்களுக்குத்தான். எத்தனை தடவைன்னு மட்டும் சொல்லுங்க, நானே எழுதிக்கறேன்."

அவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். பிறகு ரொம்பத் தணிந்த குரலில் சொன்னார்:

"சைபர்னு போடுங்கம்மா."