ஒன்றா, ஏழா?

ரத்த வங்கிக் கணினி ஒன்றில் இரண்டு எழுத்துருக்கள் இருந்தன. வளைந்து நெளிந்து ஓடும் அழகுக்காரிக்குக் கொடி என்று பெயர். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் அளந்து கொடுக்கும் மற்றதற்குக் கட்டம் என்று பெயர். ரத்தப் பைகளின் அட்டவணைக்குக் கொடியைத்தான் வைத்திருந்தார்கள்.

“கொடியக்கா, உன் ஒன்றும் ஏழும் ஒரே சாயலா இருக்கே,” என்றது கட்டம்.

“என்னைப் பார்க்கிறவங்க கண்ணை எடுக்கிறதே இல்ல. உனக்கு வயித்தெரிச்சல்,” என்றது கொடி.

அன்று பிரசவ அறையில் ஒருத்திக்கு ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் பிலோமினா திரையில் பையின் எண்ணைப் பார்த்து, ஒரு பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“இது வேற குரூப்பும்மா!” என்று உள்ளே டாக்டர் கத்தியது கொடிக்கும் கேட்டது.

பிலோமினா திரையில் முகம் ஒட்டக் குனிந்தாள். ஒன்றா, ஏழா? கண்ணை எடுக்கவே இல்லை.

“என்னைப் பார்க்காதே, தாயே,” என்று கெஞ்சியது கொடி.

அவள் எழுத்துருவை மாற்றினாள். கட்டம் வந்து நின்றது. மறுநொடி சரியான பையோடு பறந்தாள்.

கட்டம் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தால், அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.