இரண்டு முட்டை

“சூசையப்பருக்கு மடிப்பிச்சை! இருக்கிறதைப் போடும்மா.”

வாசலில் மடியை விரித்தபடி நின்றவள் அசுந்தா. அந்தச் சிசிலி மலையூரில் பாதி ஒலிவத் தோப்பு அவளுடையது.

நுன்சியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கந்தகச் சுரங்கத்தை மூடியதிலிருந்து, நாலு மாதமாக அவள் புருஷனுக்கு வேலை இல்லை. வீட்டில் இருந்தது இரண்டே முட்டை. ராத்திரிச் சாப்பாடு அதுதான்.

“உங்க வீட்ல இல்லாத முட்டையாம்மா?”

“மூட்டு வலிக்கு நேர்ந்துக்கிட்டேன்டி. பெத்லகேம்ல சூசையப்பர் வீடு வீடா இடம் கேட்டு அலைஞ்சாருல்ல? அவர் திருநாளுக்கு விருந்து வைக்கிறவ கேட்டு வாங்கித்தான் வைக்கணும்.”

உள்ளேயிருந்து நுன்சியாவின் புருஷன் கஸ்பாரே வந்தான். போன மாதம் கோயிலிலிருந்து வந்த மாவு மூட்டையை, “நாங்க பிச்சைக்காரங்க இல்ல” என்று திருப்பி அனுப்பிய ரோஷக்காரன். இரண்டு முட்டையையும் எடுத்து அசுந்தாவின் மடியில் வைத்தான்.

“சூசையப்பர் பேரைச் சொல்லிக் கேட்டா இல்லேன்னா சொல்றது?”

அவன் சிரித்து ரொம்ப நாளாயிற்று. அன்று சிரித்தான்.

நுன்சியாவுக்குத்தான் ஆறவில்லை. “பணக்காரி பக்திக்கு நம்ம வயித்துலதான் அடிக்கணுமா?”

திருநாளன்று மாலை அசுந்தா கழுதையோடு வந்து நின்றாள். அதன் முதுகில் இரண்டு பெரிய கூடைகள். மாவு, அவரை, எண்ணெய், வண்டிச் சக்கரம் போல ரொட்டிகள்.

கஸ்பாரேயின் முகம் இறுகியது. “தர்மமா?”

“தர்மம் வாங்கினவ நான்டா. மடியில போட்டவங்களுக்கு விருந்துல பங்கு உண்டு. நம்ம ஊர் முறைய உனக்காக மாத்தணுமா?”

“முறைன்னா சரி.”

அவனே இறக்கி உள்ளே கொண்டுபோனான். ரொட்டியை மார்போடு அணைத்து, வீட்டுத் தலைவனாக அறுக்க உட்கார்ந்தான். நுன்சியா கூடைகளைக் காலி செய்தாள்.

வெறும் கூடைகளைத் திருப்பிக் கொடுக்க வாசலுக்கு வந்தவளுக்கு மனசு கேட்கவில்லை.

“வீட்டுக்கு வீடு இவ்வளவு குடுத்தா தோப்பையே விக்கணுமேம்மா! எத்தனை வீட்ல மடி ஏந்தினீங்க?”

அசுந்தா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மெதுவாப் பேசுடி, அவன் காதுல விழப்போகுது. எனக்கு மூட்டு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மடி ஏந்தினது உன் வீட்டு வாசல்ல மட்டும்தான்.”