மூன்றாவது தேத்தண்ணி

லதீசன் உள்ளே காலடி வைத்ததும், வாசல் கதவைத் திறந்துவிட்ட வெள்ளைக்கார இளைஞன் அதை இரண்டு தரம் பூட்டி, சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"குறை நினைக்காதீர்கள். இந்தப் பக்கம் களவு கூடிவிட்டது" என்று சொன்னவனின் கண், லதீசனின் கையிலிருந்த கருவிப் பெட்டியை விட்டு அசையவில்லை. "அம்மாவுக்குச் சுகமில்லை. கெதியாக முடித்தால் நல்லது."

லண்டனில் பத்து வருடமாக வீடு வீடாகப் போய்ச் சுடுதண்ணி பொயிலர் திருத்துகிறவனுக்கு அந்தப் பார்வை புதிதல்ல. லதீசன் பெட்டியோடு குசினிக்குள் போனான்.

அங்கே மிசிஸ் ஹார்வி கேத்திலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். இரண்டு கிழமைக்கு முன் போனில் நேரம் கேட்டுப் பதிந்தவர் அவர்தான்.

"வந்ததற்கு மிகவும் நன்றி" என்றார். பிறகு இளைஞன் பக்கம் திரும்பி, "உங்களுக்குச் சீனி எத்தனை கரண்டி?" என்று கேட்டார்.

"இரண்டு."

"பால் ஊற்றலாமா?"

"ஊற்றுங்கள்."

"நன்றி."

பொயிலர் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த லதீசனுக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற பிள்ளையிடமும் இந்தச் சனம் தயவும் நன்றியும் சொல்லித்தான் பழகும். போன கிழமை ஒரு வெள்ளைக்காரர், மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போவதற்கு அவளிடமே நாள் கேட்டு நின்றதை அவன் கண்ணால் கண்டிருந்தான்.

அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. முதல் தேத்தண்ணியை வேலையோடு வேலையாகக் குடித்திருந்தான். அவர் இரண்டாவதை நீட்டினார்.

"வேண்டாம், நேரமாகிறது."

"ஒரு வாய்தான். தயவுசெய்து."

மறுக்க மனமில்லாமல் குடித்தான். குடித்து முடிக்குமுன் மூன்றாவது கோப்பை அவன் முன்னால் வந்தது. வைத்த வேகத்தில் தட்டெல்லாம் தேத்தண்ணி சிந்தியது.

வெள்ளைக்காரர் ஒருமுறை கேட்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். இந்த மனிசி ஏன் கலியாண வீட்டில் சாப்பிடாமல் போகவிடாத மாதிரி மறிக்கிறது?

போன மாதம் கூட்டாளி நிருஜனையும் ஒரு வீட்டில் இப்படித்தான் மறித்தார்கள். கேக்கும் தேத்தண்ணியும் கொடுத்துச் சிரித்துக் கதைத்து, கடைசியில் மோதிரத்தைக் களவெடுத்தான் என்று வாசலில் பொலிஸ் வந்து நின்றது. காணாமல்போன மோதிரம் பிறகு கட்டிலுக்குக் கீழே கிடந்ததாம்.

போன் அடித்தது. மனைவி துஷ்யா.

"எங்கையப்பா நிக்கிறியள்? பிள்ளையைத் தமிழ் வகுப்பால ஏத்தவேணுமெல்லே?"

"வேலை முடிஞ்சுது. இந்த மனிசி விடுதில்லை. மூண்டாம் தேத்தண்ணி வந்திட்டுது."

"வெள்ளைக்காரியோ? மூண்டு தரமோ? எனக்கெண்டா இது சரியாப் படேல்லை. வெளிக்கிடுங்கோ."

"ஓம், ஓம். கதவும் பூட்டிக் கிடக்குது. கேட்டுத் திறப்பிச்சுக்கொண்டு வாறன்."

போனை வைக்குமுன் இளைஞன் பக்கத்தில் வந்து நின்றான். மிக அருகில்.

"யார் அது? என்ன சொன்னீர்கள்?"

"என் மனைவி. பிள்ளையைக் கூட்டிவரச் சொல்கிறாள்."

"இங்கே ஆங்கிலத்தில் பேசுங்கள்." குரல் உயரவில்லை.

லதீசன் குறடுகளை அள்ளிப் பெட்டிக்குள் போட்டான். பொலிஸ் வருமுன் வெளியே போய்விட வேண்டும். பிறகு யார் யாருக்கு விளக்கம் சொல்வது?

"மேல்மாடியில் ஒரு ரேடியேட்டர் சத்தம் போடுகிறது" என்றார் மிசிஸ் ஹார்வி அவசரமாக. "சிரமம் இல்லையென்றால் அதையும் ஒருமுறை…"

"அது இன்னொரு நாள்" என்றான் இளைஞன்.

லதீசன் வேலைத் தாளை மேசையில் வைத்தான். கையெழுத்துப் போட அவர் பேனாவுக்குக் கை நீட்டினார். இளைஞன் முந்திக்கொண்டு பேனாவை எடுத்துத் தானே கிறுக்கிக் கொடுத்தான். அவர் நீட்டிய கையை மெதுவாக மடித்துக்கொண்டு, "நன்றி" என்றார்.

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். சாவி இரண்டு தரம் திரும்பியது. வெளியே மழைத் தூறல், எதிர்வீட்டுக் கார், தெருவில் நாயை நடத்திப் போகும் ஒரு பெண். லதீசனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பொலிஸ் இல்லை. அவனுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. வீணாகப் பயந்துவிட்டேன் என்று நினைத்தான்.

படியில் கால் வைத்தவனை, பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது.

மிசிஸ் ஹார்வி அவனைக் கட்டிக்கொண்டார்.

இந்த ஊரில் பத்து வருடத்தில் ஒரு வீட்டுக்காரரும் அவனுக்குக் கைகூடக் கொடுத்ததில்லை. முன்பின் தெரியாத வேலைக்காரனை, அழுக்குச் சட்டையோடு, செத்த வீட்டில் சொந்தக்காரரைக் கட்டுகிற மாதிரி அந்த மெலிந்த உடம்பு இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் தோளுக்கு மேலால், கதவு நிலையில் சாய்ந்து சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான் இளைஞன்.

அவர் உதடு லதீசனின் காதில் பட்டது.

"அவன் என் மகன் இல்லை."