இடப்பக்கம்

கஸ்பாருக்கும் பிலோமினாவுக்கும் பாய்மரப் படகுதான் வீடு. நோயில் விழுந்த கடைசி இரண்டு வருடமும் கஸ்பார் இடப்பக்கப் பலகையிலேயே கிடந்தார். தன் எடைக்குப் படகு சாய்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, பேட்டரிகளை எல்லாம் அவள்தான் வலப்பக்கம் இழுத்து வைத்தாள்.

அவர் போனபின் படகு வலப்பக்கம் சாய்ந்தது. தட்டில் ஊற்றிய குழம்பு ஓரமாக ஒதுங்கியது. நான்கு கேன்களில் தண்ணீர் பிடித்து, அவர் படுத்த இடத்தில் வரிசையாக வைத்தாள். படகு நிமிர்ந்தது. கேன்கள்மேல் அவருடைய கைலியைப் போர்த்திவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து, படகின் அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்ட வந்த ரெக்சன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, தண்ணிக் கேனுக்குக் குளிருதா?"

"வாய மூடிட்டு வேலையப் பாருல."

"பேட்டரிய நடுவுல தள்ளிட்டா இந்தப் பாரமே வேண்டாம்லா. காத்துக் காலத்துல ஒரு கேன் உருண்டாக்கூட உங்க காலு போயிரும்."

அவன் சொன்னது சரிதான். தலையசைத்தாள்.

கைலியை விலக்கிவிட்டு மூன்று கேன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். நான்கு பேர் கஸ்பாரைத் தூக்கி வள்ளத்தில் இறக்கிய காலையில் சாய்ந்தது போலவே படகு சாய்ந்தது. அன்றைக்குப் போலவே அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசிக் கேன், கொண்டு போவட்டாக்கா?"

"கொஞ்சம் பொறு. அப்படியே புடிச்சிட்டு நில்லு."

கீழே கிடந்த கைலியை எடுத்து உதறி, நான்காக மடித்தாள். மடித்ததை எந்தப் பக்கம் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.